நண்பர்களோடு ரம்மி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஜமாவுக்குப் புதிதாக வந்து உட்காருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். எல்லாம் 13 சீட்டு ரம்மியைப் பற்றியவை. ஜமக்காளம் விரித்து, நோட்டில் புள்ளி எழுதி, காசு வைக்காமல் ஆடுகிற வீட்டு ரம்மி. வீட்டுக்கு வீடு சில விதிகள் மாறும். மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எத்தனை பேர் இருந்தால் ஆடலாம்? எத்தனை கட்டு வேண்டும்?

இரண்டு பேர் என்றால் ஒரு கட்டு போதும். மூன்றிலிருந்து ஆறு பேர் வரை இரண்டு கட்டு. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் மூன்றாவது கட்டைப் பிரிக்க வேண்டும், ஆனால் அதைவிட இரண்டு வட்டமாகப் பிரிந்து உட்காருவது நல்லது. எட்டுப் பேர் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் உங்கள் முறை வருவதற்குள் என்ன திட்டம் வைத்திருந்தீர்கள் என்பதே மறந்துவிடும்.

ஆறு பேர் ஆடும்போது கணக்கைப் பாருங்கள். இரண்டு கட்டும் இரண்டு அச்சடித்த ஜோக்கரும் சேர்ந்து 106 சீட்டு. ஆளுக்கு 13 என்று 78 போய்விடும். ஜோக்கருக்கு வெட்டி வைப்பது ஒன்று (அந்த எண் உள்ள சீட்டெல்லாம் அந்தக் கைக்கு ஜோக்கர், அதாவது எந்தச் சீட்டுக்குப் பதிலாகவும் நிற்கும்), திறந்து வைக்க ஒன்று. மிச்சம் 26. ஆளுக்கு நான்கு தடவை எடுத்தால் கட்டு கிட்டத்தட்ட காலி. அதனால்தான் ஆறு பேர் ஆட்டம் சீக்கிரம் முடிகிறது. நிதானமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர் அதில் மாட்டிக்கொள்வார். என்னைக் கேட்டால் நான்கு பேர்தான் சரியான எண்ணிக்கை.

ஆடத் தெரியாதவருக்கு ஒரே மூச்சில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கையில் 13 சீட்டு. உங்கள் முறை வந்தால் ஒன்று எடுக்க வேண்டும், ஒன்று இறக்க வேண்டும். எடுப்பது கவிழ்த்து வைத்த கட்டிலிருந்தோ, முன்னால் ஆடியவர் இறக்கிய சீட்டாகவோ இருக்கலாம். பதின்மூன்றும் வரிசையாகவோ செட்டாகவோ சேர்ந்ததும் காட்டிவிடலாம். வரிசை என்பது ஒரே இனத்தில் அடுத்தடுத்து வருவது, ஆட்டின் (ஹார்ட்ஸ்) 5, 6, 7 மாதிரி. செட் என்பது ஒரே எண் வேறு வேறு இனத்தில். குறைந்தது இரண்டு வரிசை இருக்க வேண்டும். அதில் ஒன்றில் ஜோக்கர் உதவியே இருக்கக் கூடாது. அந்த ஒன்றைத்தான் 'லைஃப்' என்கிறார்கள். அது இல்லாமல் மற்றது எல்லாம் சேர்ந்திருந்தாலும் ஒன்றும் சேராத மாதிரிதான்.

இவ்வளவு போதும். மிச்சத்தை இரண்டு கை திறந்து ஆடிக் காட்டினால் தானே புரியும்.

எங்கள் கூட்டத்தில் விதி பற்றித்தான் எப்போதும் சண்டை. எதையெல்லாம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்?

சண்டை வருகிற இடங்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றேதான். முதல் டீலுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் பேசி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். கை போட்ட பிறகு பேசினால், யாருக்கு என்ன சீட்டு வந்திருக்கிறதோ அதற்கேற்றபடிதான் விதி சொல்வார்கள்.

முதலில் ஆஸ். ஆஸ், 2, 3 என்று கீழேயும் வரும். ராணி, ராஜா, ஆஸ் என்று மேலேயும் வரும். ராஜா, ஆஸ், 2 என்று சுற்றி வராது. இதைப் பெரும்பாலும் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்தது செட்டில் இரட்டைச் சீட்டு. இரண்டு கட்டு கலந்து ஆடுவதால் ஸ்பேட் 7 இரண்டு இருக்கும். 'ஸ்பேட் 7, ஸ்பேட் 7, கிளாவர் 7' என்று காட்டிவிட்டு "ஏழு மூணு இருக்கே" என்பார்கள். செல்லாது. செட்டில் ஒவ்வொரு சீட்டும் வேறு இனமாக இருக்க வேண்டும். ஒரு இரட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜோக்கர் வைத்திருந்தால் செல்லும்.

மூன்றாவது, ஜோக்கராக வெட்டிய சீட்டே தன் சொந்த இடத்தில் வந்தால் என்ன கணக்கு என்பது. 6 ஜோக்கர் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் டைமண்ட் 5, 6, 7 இருக்கிறது. அது லைஃப்தான். அந்த 6 அங்கே ஜோக்கராக ஆடவில்லை, ஆறாகவே ஆடுகிறது. புதியவர்கள் இதைக் கவனிக்காமல் கையில் லைஃபை வைத்துக்கொண்டே லைஃப் தேடுவதுண்டு.

நான்காவது, யாராவது ஜோக்கரைக் கீழே இறக்கினால் அடுத்தவர் எடுக்கலாமா? கூடாது என்பது பெரும்பான்மை வழக்கம். டீல் முடிந்து முதன்முதலாகத் திறந்து வைத்த சீட்டு ஜோக்கராக இருந்தால் மட்டும் முதல் ஆள் எடுக்கலாம். வெட்டும்போது அச்சடித்த ஜோக்கரே வந்துவிட்டால் சிலர் ஆஸை ஜோக்கர் ஆக்குவார்கள், சிலர் அந்த ஆட்டத்துக்கு அச்சடித்த ஜோக்கர் மட்டும்தான் என்பார்கள். எதுவானாலும் சரி, எழுதி வையுங்கள்.

கடைசியாகத் தப்பு ஷோ. சேராத கையைச் சேர்ந்ததாக நினைத்துக் காட்டினால் 80 புள்ளி தண்டம். இதில் இரக்கம் வேண்டாம். எங்கள் ஜமாவில் காட்டியவர் 80 வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார், மற்றவர்கள் அந்தக் கையைத் தொடர்வார்கள். அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி டீல் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் அப்படி நிறுத்தினால் நல்ல கை வைத்திருந்தவருடைய வயிறு எரியும்.

புள்ளிக் கணக்கு எப்படி? 101 பூல் என்றால் என்ன?

படச்சீட்டுகளுக்கும் ஆஸுக்கும் 10. மற்றவற்றுக்கு அதனதன் எண். ஜோக்கருக்குப் புள்ளி இல்லை. ஒருவர் ஷோ காட்டியதும் மற்றவர்கள் கையில் சேராமல் கிடப்பதைக் கூட்டி எழுத வேண்டும். லைஃப் இல்லாவிட்டால் கையில் உள்ள எல்லாமே கூடும், செட்டும் சேர்த்து. லைஃப் மட்டும் இருந்து இரண்டாவது வரிசை இல்லாவிட்டால் அந்த லைஃபை மட்டும் கழித்துவிட்டு மிச்சம் முழுவதையும் கூட்டுவது வழக்கம். எவ்வளவு மோசமான கையாக இருந்தாலும் 80க்கு மேல் எழுதுவதில்லை. அதைத்தான் ஃபுல் என்கிறோம்.

பூல் என்பது பல கைகள் சேர்ந்த ஒரு முழு ஆட்டம். 101ஐத் தொட்டவர் வெளியே. கடைசி வரை உள்ளே இருப்பவர் ஜெயித்தவர். ஒரு சீட்டும் எடுக்காமல் முதலிலேயே கையைக் கவிழ்த்துவிட்டால் ஸ்கூட், அதற்கு 20. ஆடத் தொடங்கிய பிறகு நடுவில் விலகினால் 40. நேரம் நிறைய இருக்கும் நாளில் 201 ஆடலாம். அதில் பொதுவாக ஸ்கூட்டுக்கு 25, நடுவில் விலக 50.

101க்குள் ஐந்து ஸ்கூட் அடங்கும். ஐந்தாவதோடு 100 ஆகும், இன்னும் உள்ளேதான் இருப்பீர்கள். ஆனால் உங்கள் புள்ளி 80ஐத் தாண்டிவிட்டால் ஸ்கூட் அடித்தாலும் வெளியேதான். இனி எந்தக் கை வந்தாலும் ஆடியே ஆக வேண்டும். இதைக் கம்பல்சரி என்பார்கள். ஒருவர் கம்பல்சரியில் இருக்கும்போது மற்றவர்கள் ஆடுகிற விதமே மாறிவிடும். பூலின் சுவை முழுக்க அந்தக் கடைசி இரண்டு மூன்று கைகளில்தான் இருக்கிறது.

எப்போது ஸ்கூட் அடிக்க வேண்டும்? எப்போது துணிந்து ஆட வேண்டும்?

ஒரு ஃபுல் வாங்கினால் நான்கு ஸ்கூட்டுக்குச் சமம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கையை அடுக்குங்கள். லைஃப் ஏற்கெனவே கையில் வந்திருந்தால் ஆடலாம், யோசனையே வேண்டாம். லைஃப் இல்லை, ஆனால் ஜோக்கர் இரண்டு இருக்கிறது, அடுத்தடுத்த சீட்டாக இரண்டு ஜோடியும் இருக்கிறது என்றாலும் ஆடலாம். ஜோக்கரும் இல்லை, ஜோடியும் இல்லை, படச்சீட்டு ஐந்தாறு கிடக்கிறது என்றால் கவிழ்த்துவிடுங்கள்.

மானம் போகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் நண்பர்கள் விட மாட்டார்கள். "என்ன மாப்ள, இன்னைக்குப் பூரா ஸ்கூட்டரிலேயே போறியா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். அந்தக் கேலிக்குப் பயந்து ஆடி 80 வாங்குகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

நடுவில் விலகுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. 40 என்பது இரண்டு ஸ்கூட். லைஃப் இன்னும் வரவில்லை, எதிரே இருப்பவர் எடுத்த சீட்டையே பார்க்காமல் இறக்குகிற நிலைக்கு வந்துவிட்டார், அதாவது ஒரே ஒரு சீட்டுக்குக் காத்திருக்கிறார் என்று தெளிவாகத் தெரிந்தால் விலகலாம். லைஃப் வந்துவிட்டால் விலக வேண்டாம். பெரிய சீட்டுகளை இறக்கிக்கொண்டே புள்ளியைக் குறைக்கப் பாருங்கள். இரண்டாவது வரிசையும் அமைந்துவிட்டால் தோற்றாலும் இருபதோ முப்பதோதான் விழும்.

எந்தச் சீட்டை இறக்குவது என்றே தெரியவில்லை. ஏதாவது வழி உண்டா?

ரம்மியில் எடுப்பதைவிட இறக்குவதுதான் வித்தை. மூன்று விஷயத்தைப் பார்த்தால் போதும்.

ஒன்று, காத்திருப்பின் அகலம். கிளாவர் 6, 7 வைத்திருந்தால் 5 வந்தாலும் ஆகும், 8 வந்தாலும் ஆகும். இரண்டு கட்டில் அவை மொத்தம் நான்கு சீட்டு. கிளாவர் 6, 8 வைத்திருந்தால் 7 மட்டும்தான், இரண்டே சீட்டு. அதில் ஒன்றை யாராவது இறக்கிவிட்டால் மிச்சம் ஒன்று. அதுவும் எதிராளி கையில் வரிசைக்குள் உட்கார்ந்திருந்தால் நீங்கள் விடிய விடியக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே இடையில் ஓட்டை உள்ள ஜோடியை முதலில் உடையுங்கள்.

இரண்டு, சீட்டின் இடம். 7 மூன்று விதமான வரிசையில் சேரும்: 5-6-7, 6-7-8, 7-8-9. ராஜாவுக்கு இரண்டு வழிதான், ஆஸுக்கும் இரண்டு வழிதான். அதோடு அவை பத்துப் பத்துப் புள்ளி. தனியாக நிற்கிற ராஜாவை வைத்துக்கொண்டு தவம் இருப்பதில் லாபம் இல்லை. ஆனால் எல்லோரும் முதல் இரண்டு சுற்றில் படச்சீட்டைத்தான் இறக்குவார்கள் என்பதால், கையில் ராணி-ராஜா ஜோடி இருந்தால் ஒரு சுற்று பொறுத்துப் பார்க்கலாம். வேண்டிய சீட்டு தானாகவே கீழே வந்து விழுவதுண்டு.

மூன்று, உங்களுக்கு அடுத்து ஆடுகிறவர். நீங்கள் இறக்குவது நேராக அவருக்குத்தான் போகிறது. அவர் ஸ்பேட் 9 எடுத்தார் என்றால் ஸ்பேட் 7, 8, 10, ஜாக்கி எதையும் அவசரப்பட்டு இறக்காதீர்கள், வேறு இன 9களையும் பிடித்து வையுங்கள். எல்லோரும் இறக்கியதையெல்லாம் நினைவில் வைக்க முடியாவிட்டாலும் அந்த ஒரு ஆள் எதை எடுத்தார், எதை விட்டார் என்பதை மட்டுமாவது பாருங்கள்.

இதையே திருப்பிப் போட்டால் தூண்டில். உங்களுக்கு ஆட்டின் 9 வேண்டும். கையில் உபரியாக ஸ்பேட் 9 இருக்கிறது. அதை இறக்குகிறீர்கள். ஆட்டின் 9ஐ வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பவர் 'ஒன்பது இங்கே யாருக்கும் வேண்டாம் போல' என்று நினைத்து அடுத்த சுற்றில் தள்ளிவிடுவார். பழகிய நண்பர்களிடம் இது ஒரு ராத்திரியில் ஒரு தடவைக்கு மேல் பலிக்காது.

எனக்கு மட்டும் ஜோக்கரே வருவதில்லை. ராசியா?

கணக்குதான். 106 சீட்டில் வெட்டிய ஜோக்கர் எண்ணில் எட்டு; ஒன்று கட்டுக்கு அடியில் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறோம், மிச்சம் ஏழு. அச்சடித்தவை இரண்டு. ஆக ஒன்பது ஜோக்கர், 105 சீட்டுக்குள். 13 சீட்டு வாங்கினால் சராசரியாக ஒரு ஜோக்கர் சொச்சம் வர வேண்டும். ஒன்றுமே வராமல் போகிற வாய்ப்பு ஏறக்குறைய 29 சதவீதம். பத்துக் கையில் மூன்று கை வெறுங்கையாக இருப்பது இயல்புதான். வராத மூன்று நினைவில் நிற்கும், வந்த ஏழு மறந்துபோகும்.

சீட்டைச் சரியாகக் கலைப்பது எப்படி?

ஒரு கை முடிந்ததும் சீட்டெல்லாம் வரிசையாகவும் செட்டாகவும் சேர்ந்தே கிடக்கும். அதை அப்படியே கூட்டி, கையில் நாலு தட்டுத் தட்டிவிட்டு டீல் போட்டால் 5, 6, 7 எல்லாம் அடுத்தடுத்த ஆட்களுக்குப் போய்ச் சேரும். இரண்டாகப் பிரித்து விரலால் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விடுகிற முறையில், ஒற்றைக் கட்டுக்கு ஏழு தடவை வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயாகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992இல் காட்டினார்கள். இரண்டு கட்டுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். வீட்டில் அவ்வளவு பொறுமை யாருக்கும் இருக்காது. எளிய வழி, முழுவதையும் ஜமக்காளத்தில் கவிழ்த்துக் கொட்டி இரண்டு கையாலும் நன்றாகத் துழாவிவிட்டு, பிறகு கூட்டி அடுக்கி இரண்டு மூன்று தடவை கலைப்பது. டீல் போடுகிறவர் கலைத்தால் பக்கத்தில் இருப்பவர் வெட்ட வேண்டும். நெருங்கிய நண்பர்களே என்றாலும் வெட்டாமல் போடாதீர்கள்.

ஒருவர் ஒவ்வொரு சீட்டுக்கும் ஐந்து நிமிஷம் யோசிக்கிறார். என்ன செய்வது?

பாட்டுப் பாடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் "டீ ஆறுது" என்று ஒரு குரல் கொடுங்கள். கடிகாரம் வைத்து ஆடுகிற அளவுக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக இருக்காது.

காசு இல்லாமல் ஆடினால் சப்பென்று இருக்காதா?

பூல் முறையில் இருக்காது. தனித்தனிக் கையாக ஆடினால்தான் 'போனால் போகட்டும்' என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவார்கள். புள்ளி சேர்ந்துகொண்டே போனால் 20ஐக்கூட விட மனசு வராது. நோட்டைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள். யார் எத்தனை பூல் ஜெயித்தார் என்று மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அதிலேயே போதுமான வம்பு கிடைக்கும். முதலில் வெளியே போகிறவர் டீ போட வேண்டும், கடைசி ஆள் ஜமக்காளத்தை உதறி மடிக்க வேண்டும் என்கிற மாதிரி சின்னத் தண்டனைகளும் நன்றாக வேலை செய்யும். காசு வந்துவிட்டால், நேற்று வரை நூறு ரூபாய் கடன் கேட்டாலும் தயங்காமல் கொடுத்த நண்பன் பத்து ரூபாய்ப் புள்ளிக்கு நோட்டைப் பிடுங்கிப் பார்ப்பான். எங்கள் ஜமாவில் காசு பேச்சே கிடையாது.

ரம்மி ஆடுவது சட்டப்படி குற்றமா?

காசு வைக்காமல் வீட்டில் பொழுதுபோக்காக ஆடுவதில் சிக்கல் இல்லை. மூன்று சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பியது அல்ல ரம்மி, விழுகிற சீட்டை நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது எதை விடுவது என்று முடிவு செய்கிற திறமைதான் அதில் முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் செகந்தராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் சொன்னது. ஆட்டத்தை வைத்து இடத்துக்காரர் லாபம் பார்த்தால் விஷயம் வேறு என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

செல்போனில் பணம் கட்டி ஆடுவது தனிக் கதை. தமிழ்நாட்டில் பலர் பணத்தை இழந்து, உயிரையும் விட்ட பிறகு, 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரச் சட்டமும் மசோதாவும் வந்தன. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது மட்டும் செல்லாது என்றது. பிறகு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே இடமில்லாமல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. ஜமக்காள ரம்மிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் அந்தச் செயலிகளின் பக்கம் போனதும் இல்லை.

பிள்ளைகளும் உட்காருகிறேன் என்கிறார்கள்.

பத்து வயதுக்கு மேல் என்றால் ரம்மியே சொல்லிக்கொடுக்கலாம். புள்ளி கூட்டுகிற வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள், நம்மைவிட வேகமாகக் கூட்டுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று சீட்டு கையில் நிற்காது. அவர்களுக்குக் கழுதை போடுங்கள். ஒரு கட்டை முழுவதும் பங்கு போட்டு, ஸ்பேட் ஆஸ் வைத்திருப்பவர் தொடங்க, எல்லோரும் அதே இனத்தில் ஒவ்வொன்று போட வேண்டும். அந்த இனம் இல்லாதவர் வேறு சீட்டைப் போட்டு வெட்டினால், அதுவரை இருப்பதில் பெரிய சீட்டைப் போட்டவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவர் கழுதை. பெரியவர்களுக்குமே இது நன்றாகப் பொழுது போகும், கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி தூக்கம் வராதவர்கள் கூடினால் கேட்கவே வேண்டாம்.

எந்த மாதிரி சீட்டு வாங்குவது? எத்தனை நாள் வரும்?

முடிந்தால் பிளாஸ்டிக் சீட்டு. காகிதச் சீட்டு நம் ஊர் வியர்வையில் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். டீல் போடும்போது இரண்டு இரண்டாக வந்து ஒருவருக்கு 14 போய்விடும். கொஞ்சம் முகப் பவுடர் தூவித் துடைத்தால் இன்னும் சில வாரம் ஓட்டலாம். பிளாஸ்டிக்கை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். இரண்டு கட்டும் ஒரே பின்பக்க டிசைனாக இருக்கட்டும். ஏதாவது ஒரு சீட்டின் மூலை மடங்கிவிட்டால் அந்தக் கட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்த வாரத்துக்குள் அது என்ன சீட்டு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இதே காரணத்துக்காகப் பஜ்ஜியும் வடையும் ஆட்டம் முடிந்த பிறகுதான். எண்ணெய் விரலால் ஒரு தடவை தொட்ட ராணி, விளக்கு வெளிச்சத்தில் எந்தக் கையில் இருந்தாலும் தெரியும். ஆடும்போது சுண்டலும் ஸ்பூனும், இல்லாவிட்டால் பொரிகடலை.

பூல் நடக்கும்போதே ஒருவர் கிளம்ப வேண்டியதாகிவிட்டால்?

அடிக்கடி நடப்பதுதான். வீட்டிலிருந்து போன் வரும், கடைசிப் பஸ் போய்விடும். அவர் கையை வேறு யாரிடமும் கொடுக்க விடாதீர்கள், ஜெயித்தாலும் தோற்றாலும் பின்னால் பேச்சு வரும். நடப்பு கையை ஸ்கூட்டாகவோ நடுவில் விலகியதாகவோ எழுதி அவரை முடித்துவிட்டு மற்றவர்கள் தொடரலாம். அவருக்கு அப்புறம் ஆடுகிறவருக்கு இனி சீட்டு இறக்குவது வேறு ஆள். அதனால் மிச்சமிருப்பவர்கள் சீட்டு எடுத்துப் பார்த்து, பெரிய சீட்டு வந்தவர் முதலில் என்று இடத்தை மாற்றி உட்கார்ந்துகொள்ளுங்கள். இரண்டு பேர்தான் மிச்சம் என்றால், புள்ளி குறைவாக இருப்பவர் ஜெயித்ததாக எழுதிவிட்டு நோட்டை மூடிவிடலாம்.